மகள் டஸ்கலூசா போகிறேன் என்கிறாள்

கேள்வி: அக்கா, நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். இருவருக்கும் ஐடி வேலை, வருமானம் வருடத்துக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் டாலர். மகளுக்கு மிகப் பெயர்பெற்ற ஐவி லீக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. செலவு வருடம் 90,000 டாலருக்கு மேல், உதவித்தொகை ஒரு டாலர்கூட இல்லை. நேஷனல் மெரிட் என்ற தேசிய உதவித்தொகைப் போட்டியில் ஃபைனலிஸ்ட் என்பதால், டஸ்கலூசா ஊரிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் டியூஷன் (படிப்புக் கட்டணம்) கட்ட வேண்டியதில்லை. டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. "நான் டஸ்கலூசா போறேம்மா" என்கிறாள். எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் நிறத்துப் பிள்ளை அங்கே எப்படி இருப்பாள்? கோயிலில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது? மே 1க்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஐவி லீக்கின் எட்டுக் கல்லூரிகளும் மதிப்பெண்ணுக்காகப் பணம் தருவதில்லை, குடும்பத்தின் தேவையைப் பார்த்துத்தான் தருகின்றன. உங்கள் வருமானத்துக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடியதுதான். நாலு வருடத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் போகும். அதோடு முடிந்தால் பரவாயில்லை, அப்புறம் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே. ஜூலை 2026 முதல் புது விதி: பெற்றோர் வாங்கும் பிளஸ் என்ற அரசுக் கடன் ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 டாலர்தான். மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு மாணவர் வாங்கும் அரசுக் கடனும் வருடம் 50,000, மொத்தம் 2 லட்சம் என்று நின்றுவிடும். மீதிக்குத் தனியார் வங்கியிடம்தான் போக வேண்டும். கையிருப்பை இளங்கலையிலேயே கரைத்துவிட்டால், அவள் 22 வயதில் எதை நம்பி மருத்துவம் சேருவாள்?

இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். என் மகனுக்கு வடக்கே பெயர்பெற்ற கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. கடிதம் வந்த அன்று கேசரி கிண்டி, தெரிந்த வீட்டுக்கெல்லாம் கொடுத்தேன். பெற்றோர் கடனில் கையெழுத்துப் போட்டது நான்தான். மாதம் 1,180 டாலர், பத்து வருடம். அந்தக் கடனைப் பார்த்துப் பார்த்தே, பள்ளி ஆசிரியர் ஆகும் ஆசையை அவன் விட்டுவிட்டு, சம்பளம் கூடுதலாக வந்த வேறு வேலைக்குப் போனான். அதை என்னிடம் சொல்லவே அவனுக்கு நாலு வருடம் ஆயிற்று. அவன் தங்கை ஜார்ஜியா மாநிலம் தரும் ஹோப் உதவித்தொகையில் ஏதென்ஸில், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படித்தாள். அவள் எந்த வேலைக்குப் போவது என்று யோசித்தபோது, எங்கள் கடன் குறுக்கே நிற்கவில்லை.

பெரிய பெயரால் பயன் ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். பொருளாதார அறிஞர்கள் ராஜ் செட்டியும் டேவிட் டெமிங்கும் ஜான் ஃப்ரீட்மேனும் 2023ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஐவி கல்லூரிகளோடு ஸ்டான்ஃபோர்ட், எம்ஐடி, டியூக், சிகாகோவையும் சேர்த்து, மாநிலங்களின் முதன்மைப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டார்கள். சராசரி வருமானத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் வருமானத்தில் உச்சியிலுள்ள ஒரு சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பு ஐம்பது சதவீதம் கூடுகிறது, பெயர்பெற்ற நிறுவனங்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பு மூன்று மடங்காகிறது. வால் ஸ்ட்ரீட்தான் அவள் கனவு என்றால் வேறு மாதிரி பதில் எழுதியிருப்பேன். மருத்துவக் கல்லூரி அவளுடைய ஜிபிஏ (மதிப்பெண் சராசரி), எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, ஆய்வக அனுபவம், நோயாளிகளோடு பழகிய நேரம் இவற்றைத்தான் கூர்ந்து பார்க்கும்.

டஸ்கலூசாவில் அவள் தானாக முயல வேண்டியவையும் உண்டு. முதல் வருட வேதியியல் வகுப்பு பெரிய அரங்கில் நடக்கும், பேராசிரியருக்கு அவள் பெயர் தானாகத் தெரியாது. முதல் மாதத்திலேயே அவருடைய அலுவல் நேரத்தில் போய் உட்காரட்டும். நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கென்று உள்ள ஆனர்ஸ் காலேஜ் பிரிவில் கட்டாயம் சேரட்டும். இருபத்திரண்டு வருடம் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். கதவைத் தட்டிப் போய்க் கேட்கிற பிள்ளை பெரிய பல்கலைக்கழகத்திலும் தொலைந்துபோவதில்லை.

உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1963 ஜூன் 11 அன்று, அந்த வளாகத்தின் ஃபாஸ்டர் அரங்க வாசலில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் நின்று, விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்களை மறித்தார். அன்றே அவர்கள் பதிவு செய்துகொண்டார்கள். 1965ல் விவியன் அங்கேயே பட்டம் வாங்கினார், அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். இன்று அந்த இடத்துக்கு இருவர் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். உங்கள் மகள் அதைத் தெரிந்துகொண்டே போகட்டும். ஏப்ரலுக்குள் பர்மிங்ஹாம் வரை விமானத்தில் போய், அங்கிருந்து ஒரு மணி நேரம் காரில் போங்கள். சுற்றுலா காட்டும் நாளில் வேண்டாம், சாதாரண வகுப்பு நாளில் போங்கள். இந்திய மாணவர்கள் நாலைந்து பேரோடு அவள் தனியாக, நீங்கள் பக்கத்தில் இல்லாமல், பேசட்டும். அங்கே ஒட்டவில்லை என்று அவளுக்கே தோன்றினால் நான் எழுதிய கணக்கையெல்லாம் தள்ளிவைத்துவிடுங்கள்.

கோயிலில் கேட்டால் "அலபாமா, ஃபைனலிஸ்ட் உதவித்தொகை" என்று சொல்லுங்கள். அவள் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லுங்கள். அம்மா குரல் தாழ்வது பிள்ளைக்கு உடனே கேட்டுவிடும்.

கேள்வி: ஷார்லட்டில் எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் என் மகன் பதினொன்றாம் வகுப்பு. என் சம்பளம் 1 லட்சத்து 40 ஆயிரம். கிரீன் கார்டு எப்போது வரும் என்று தெரியாது. உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகம் மட்டும்தான் கதியா?

பதில்: இல்லை தம்பி. உங்கள் விஷயத்தில் என் பதில் தலைகீழ். எச்-4 பிள்ளைக்கு ஃபெடரல் உதவியோ கடனோ கிடையாது. ஆனால் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மவுத், ஆம்ஹெர்ஸ்ட் போன்றவை விசா எதுவானாலும், பணத் தேவையைப் பார்க்காமல் இடம் தருகின்றன. பிறகு தேவைக்கேற்பத் தங்கள் நிதியிலிருந்தே உதவுகின்றன. வழக்கமான சொத்துள்ள குடும்பமாக, வருமானம் 2 லட்சம் டாலருக்குள் இருந்தால் ஹார்வர்டில் 2025 முதல் டியூஷன் இல்லை. இடம் கிடைப்பது மிகக் கடினம், ஆனால் "நமக்குக் கட்டாது" என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் (உதவி போக நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று காட்டும் கருவி) இருக்கும், இந்த வாரமே போட்டுப் பாருங்கள். உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பியுங்கள். எச்-4 பிள்ளைக்கு உள்மாநிலக் கட்டணம் (அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்) உண்டா என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 21 வயதில் அவன் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வந்தால் அந்தக் கட்டணம் என்னாகும் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஆஸ்டினில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்தால் மகளுக்கு டெக்சாஸ் உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. பெற்றோரைச் சார்ந்த பிள்ளைக்கு, பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள். அதுவும் பன்னிரண்டு மாதமாவது உண்மையாகவே வாழ்ந்திருக்க வேண்டும். வாடகை ரசீதைக் காட்டிப் பொய் சொல்லப் போய், பாதிப் படிப்பில் மகள் மாட்டிக்கொள்ள வேண்டாம்.