மாரடைப்புக்குப் பிறகு வரும் பயம்: வாசகர் கேள்விகளுக்கு இதய மருத்துவரின் பதில்கள்

மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு திரும்பியவர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், மருந்தைப் பற்றியவற்றைவிடப் பயத்தைப் பற்றியவையே மிகுதியாக இருந்தன. மாரடைப்புக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க பதற்றமும், ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வும் ஏற்படுகின்றன. ஆகவே இதைச் சொல்ல எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஸ்டென்ட் (அடைப்பை விரித்து இதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து ஆறு வாரங்கள் ஆகின்றன. இரவில் படுத்தவுடன் நெஞ்சு படபடத்து வியர்க்கிறது. அடுத்த அட்டாக் என்று நினைத்து இரண்டு முறை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினேன். இரண்டு முறையும் ஈசிஜி சரியாகவே இருந்தது. இது பயமா, இதயமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (54 வயது வாசகர், திண்டுக்கல்)

நீங்கள் இரண்டு முறையும் மருத்துவமனைக்குச் சென்றது சரியான செயலே. பீதியால் வரும் படபடப்பு பொதுவாகத் திடீரென்று தொடங்கி, பத்து நிமிடத்துக்குள் உச்சத்தை அடைந்து, அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துப்போவது, தொண்டை அடைப்பது, ஒரே இடத்தில் ஊசி குத்துவதுபோல் வலிப்பது ஆகியவை அதனுடன் சேர்ந்து வரலாம். இதய வலியோ பெரும்பாலும் நெஞ்சை அழுத்துவதுபோலவோ இறுக்குவதுபோலவோ இருக்கும். இடது கை, தாடை, முதுகு என்று பரவலாம். ஆயினும் இந்த அடையாளங்களை மட்டும் நம்பி நீங்களே முடிவெடுக்கக் கூடாது. நீரிழிவு நோயாளிகள், முதியவர்கள், பெண்கள் ஆகியோரில் சிலருக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வாந்தியும் களைப்பும் மட்டுமே மாரடைப்பின் அறிகுறிகளாக வருவதுண்டு.

எனவே வேறுபாட்டை ஆராய்வதைவிட ஒரு விதியை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது நல்லது. நெஞ்சில் வலியோ அழுத்தமோ வந்தால் உடனே உட்காருங்கள். நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையை உங்கள் மருத்துவர் தந்திருந்தால் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றாலோ கூடுகிறது என்றாலோ 108-ஐ அழையுங்கள். வாயுத் தொல்லையாக இருக்கும் என்று சோடா குடித்துக் காத்திருக்கவும் வேண்டாம், நீங்களே வண்டி ஓட்டிச் செல்லவும் வேண்டாம். இந்த விதியை மருத்துவரிடமே ஒரு தாளில் எழுதி வாங்கிக் கட்டிலருகே வையுங்கள். என்ன செய்வது என்று நள்ளிரவில் யோசிக்கத் தேவையில்லை என்ற நிலையே பயத்தின் பெரும்பகுதியைக் குறைத்துவிடுகிறது என்பதை என் நோயாளிகளிடம் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

வீடு அடங்கிய பிறகு இதயத் துடிப்பு செவியில் கேட்பது இயல்பானது. இடப்புறம் சாய்ந்து படுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வலியில்லாமல் படபடப்பு மட்டும் இருந்தால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுவதைச் சில நிமிடங்கள் செய்து பாருங்கள். அது நீடித்தாலோ தலைசுற்றல், மயக்கம் சேர்ந்தாலோ மருத்துவமனைக்குச் செல்லத் தயங்காதீர்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால்தான் சரியாகிறது என்றால் அது பயமன்று. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

எக்கோவில் (இதயத்தின் ஸ்கேன் பரிசோதனையில்) 'பம்பிங் 45 சதவீதம்' என்று எழுதியிருக்கிறார்கள். பாதிக்கும் மேல் இதயம் செத்துவிட்டது என்று தானே பொருள்? (49 வயது வாசகர், ஈரோடு)

இல்லை. இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்படுகிறது என்பதையே அந்த எண் சொல்கிறது. எந்த இதயமும் நூறு சதவீதத்தை வெளியேற்றுவதில்லை. நல்ல ஆரோக்கியமான இதயத்திலேயே அது சுமார் 55 முதல் 70 வரைதான் இருக்கும். ஆகவே 45 என்பது இலேசான குறைவு மட்டுமே. மேலும், மாரடைப்பின்போது இரத்தம் கிடைக்காமல் செயலற்றுப்போன தசையில் ஒரு பகுதி, அடைப்பு நீங்கிய சில வாரங்களில் மீண்டும் இயங்கத் தொடங்குவதுண்டு. அதனால்தான் மருத்துவர்கள் சில வாரங்கள் கழித்து எக்கோவை மறுபடியும் எடுக்கச் சொல்கிறார்கள். எண்ணை மட்டும் சொல்லி, அதன் பொருளைச் சொல்லாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது எங்கள் துறை அவசியம் கைவிட வேண்டிய வழக்கம்.

என் கணவர் குளியலறைக் கதவைத் தாழிடுவதில்லை. தனியே தெருவில் இறங்குவதில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை பி.பி. பார்க்கிறார். நாங்களும் பயத்தில் அவரை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை. (வாசகி, கும்பகோணம்)

கருவியில் எண் சரியாக இருப்பதைப் பார்த்ததும் கிடைக்கும் நிம்மதி சிறிது நேரமே நிற்கிறது. பிறகு மறுபடியும் பார்க்கத் தோன்றுகிறது. பார்க்கப் பார்க்கத் தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாதவரை காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அளந்து நோட்டில் குறித்துவிட்டு, கருவியை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

பயத்தை உண்மையில் கரைப்பது நடைதான். மருத்துவர் அனுமதித்த பிறகு, சமதரையில் ஐந்து பத்து நிமிடங்களில் தொடங்கி, ஓரிரு நிமிடங்களாகக் கூட்டி, சில வாரங்களில் அரை மணி நேரத்தை எட்டலாம். நடந்தபடியே மூச்சு வாங்காமல் பேச முடிகிறது என்றால் வேகம் சரி. முதல் வாரம் நீங்கள் கூடவே நடங்கள். அடுத்த வாரம் தெருமுனையில் நில்லுங்கள். அதற்கடுத்து அவரைத் தனியே அனுப்புங்கள். மருத்துவரின் கண்காணிப்பில் டிரெட்மில் பரிசோதனை செய்ய முடிந்தால், 'என் இதயம் இவ்வளவு தாங்குகிறது' என்பதை அவரே கண்ணால் பார்ப்பார். நாம் சொல்லும் ஆறுதலைவிட அது வலிமையானது. யோகாவில் விருப்பமிருந்தால் அதையும் சேர்க்கலாம்: 2020-இல் வெளியான ஆய்வொன்றில், இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் மாரடைப்புக்கு உள்ளான ஏறத்தாழ 4,000 பேரிடம் யோகாவை அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வுப் பயிற்சி சோதிக்கப்பட்டது, உயிரிழப்பிலோ மறு மாரடைப்பிலோ தெளிவான வேறுபாடு காணப்படவில்லை, ஆனால் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் உடல்நலத்தைச் சற்று மேம்பட்டதாக உணர்ந்தார்கள்.

அம்மா, இரவில் விழித்திருந்து அவருடைய மூச்சைக் கவனித்துக்கொண்டிருப்பவராக நீங்களும் இருக்கக்கூடும். உங்கள் பயத்துக்கும் உதவி வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.

மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த மாத்திரைகள் இதயத்தைப் பாதிக்காதா, பழக்கமாகிவிடாதா? (58 வயது வாசகர், சேலம்)

எல்லா மாத்திரைகளும் ஒன்றல்ல. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து, மாரடைப்புக்கு அண்மையில் உள்ளானவர்களிடமே சோதிக்கப்பட்டு, இதயத்துக்குப் பாதுகாப்பானது என்று 2002-இலேயே வெளியான ஆய்வில் தெரியவந்தது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்கு அடிமையாகும் அச்சம் வேண்டாம், ஆயினும் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகியவற்றுடன் சேரும்போது இரத்தக்கசிவு வாய்ப்பு சற்றுக் கூடுவதால், மலம் கறுத்துப் போனால் உடனே தெரிவியுங்கள். பதற்றத்தைத் தணிக்கத் தரும் அல்பிரசோலம் போன்றவைதான் நாள்பட உட்கொண்டால் பழக்கமாகக்கூடியவை. மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். பயத்தைத் தூண்டும் எண்ணங்களை இனங்கண்டு மாற்றப் பழக்கும் உளவியல் ஆலோசனையும் நல்ல பலன் தரும்.

மீண்டும் தாம்பத்திய உறவில் ஈடுபடப் பயமாக இருக்கிறது. (பெயர் வெளியிட விரும்பாதவர்)

இரண்டு மாடிகளுக்கான படிகளை வழக்கமான வேகத்தில் ஏறும்போது நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வரவில்லை என்றால், பெரும்பாலானவர்களின் இதயம் இதையும் தாங்கும். மருத்துவரிடம் ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையோ அந்த வகையைச் சேர்ந்த வேறு மருந்தோ எடுப்பவர் விறைப்புக் குறைபாட்டுக்குத் தரும் சில்டெனாஃபில் போன்ற மாத்திரையை ஒருபோதும் சேர்க்கக் கூடாது; இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும்.

அட்டாக் வந்து மூன்று மாதம் ஆகிறது. பயம்கூட இல்லை, எதிலும் பிடிப்பில்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது. மாத்திரை சாப்பிடவும் தோன்றவில்லை. (61 வயது வாசகி, தூத்துக்குடி)

இது பலவீனமன்று, மனச்சோர்வு என்ற நோய், குணப்படுத்தக்கூடியது. காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டென்ட் வைத்திருந்தால் இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் தவறவிடுவது, ஸ்டென்டுக்குள்ளேயே திடீர் அடைப்பை உண்டாக்கக்கூடும். எனவே சில காலத்துக்கு மாத்திரையை எடுத்துத் தரும் பொறுப்பை மகளிடமோ மருமகளிடமோ ஒப்படையுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை எழுந்தாலும் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் 14416-ஐ அழையுங்கள்.