அழிய மறுக்கும் டெம்ப் ஃபைல்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பிரிக்பீல்ட்ஸ், அச்சகம்: அண்ணே, கல்யாணப் பத்திரிகைக்கு வாடிக்கையாளர்கள் அப்லோடு செய்யும் பிடிஎஃப்கள் விண்டோஸ் சர்வரின் டெம்ப் (தற்காலிக) ஃபோல்டரில் தங்கிவிடுகின்றன. வேலை முடிந்ததும் அழிக்க கோடு எழுதியிருக்கிறோம். முன்னோட்டப் படத்துக்கு, பிடிஎஃபைப் படமாக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் ஓடுகிறது. நான் ஒருவனாக டெஸ்ட் செய்தால் எதுவும் தங்குவதில்லை. காலையில் கையால் அழித்தாலும் உடனே போய்விடுகிறது!

பதில்: தம்பி, நீங்கள் சொன்ன கடைசி இரண்டு விஷயங்களில்தான் விடை இருக்கிறது. லாகைப் பாருங்கள், பிழை எண் 32 இருக்கும்: வேறொரு புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அந்த ஃபைலைப் பிடித்திருக்கிறது.

முதல் ஆளின் பத்திரிகைக்காக கோஸ்ட்ஸ்கிரிப்ட் கிளம்பும் நொடியில், இரண்டாம் ஆளின் பிடிஎஃப் பாதி ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்காக சர்வர் திறந்து வைத்திருந்த ஹேண்டிலும், அதாவது அந்த ஃபைலின் சாவியும், சர்வர் தொடங்கிய பிள்ளைப் புரோசஸான கோஸ்ட்ஸ்கிரிப்டுக்குப் போய்விடுகிறது. பக்கத்து வீட்டுச் சாவி தன் பையில் கிடப்பது கோஸ்ட்ஸ்கிரிப்டுக்கே தெரியாது. சர்வர் ஒரு தடவை அழிக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிடுகிறது. சற்று நேரத்தில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் முடிந்துவிடும், சாவியும் போய்விடும், ஃபைல் மட்டும் கிடக்கும். காலையில் நீங்கள் தேடினால் யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். கூட்ட நேரத்தில், எந்தப் புரோசஸ் எதைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் புரோசஸ் எக்ஸ்புளோரரில் ஃபைல் பெயரைத் தேடுங்கள், கையும் களவுமாகச் சிக்கும்.

தீர்வு இதுதான்: டெம்ப் ஃபைலைத் திறக்கும்போதே ஹேண்டிலை வாரிசுக்கு, அதாவது பிள்ளைப் புரோசஸுக்கு, போகாதபடி திறக்க வேண்டும். பிள்ளையின் அவுட்புட்டை வாங்குவதற்காகத்தான் பலர் வாரிசுரிமையை மொத்தமாகத் திறந்துவிடுகிறார்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே, எந்தெந்த ஹேண்டில் மட்டும் போகலாம் என்று பட்டியல் கொடுக்க வழி இருக்கிறது.

செந்தூல், மாணவி: பைத்தானிலும் இப்படி வருமா, அண்ணா?

பதில்: 2014-இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து, பைத்தான் திறக்கும் ஃபைல்கள் தாமாக வாரிசுக்குப் போவதில்லை. பழைய 2.7 ஓடும் இடத்தில் வரும். சி நூலகம் தானே திறக்கும் ஃபைலுக்கும் இந்தக் காப்பு இல்லை.

பினாங்கு: தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படங்கள், வீடியோக்கள் எங்கள் லினக்ஸ் சர்வரில் குவிந்தன. டெம்ப் ஃபோல்டர் காலி, ஆனால் டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறது.

பதில்: லினக்ஸில் அழித்தால் பெயர் உடனே போகும். கடைசி ஹேண்டில் மூடும்வரை இடம் திரும்பாது. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' கட்டளை பெயர் போன பின்னும் திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும். பெரும்பாலும் நாள் கணக்கில் ஓடும் வீடியோ வேலையாள் புரோசஸ் ஒன்று ஹேண்டிலை வாரிசாகப் பெற்றுப் பிடித்திருக்கும். அதை மறுபடி தொடங்கினால் இடம் வந்துவிடும். நிரந்தரத் தீர்வு, பிள்ளை வேறு புரோகிராமை ஓட்டத் தொடங்கும்போது ஹேண்டிலை மூடிவிடும் ஓ_கிளோஎக்செக் என்ற குறியைத் திறக்கும்போதே கொடுப்பது. திறந்த பிறகு கொடுத்தால், அந்த இடைவெளியில் அதே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் இன்னொரு த்ரெட் பிள்ளையைப் பெற்றுவிடலாம்.

ஜாலான் ஈப்போ, டியூஷன் சென்டர்: இரவில் ஒரு தடவை எல்லாவற்றையும் அழிக்க க்ரோன் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) வைத்தால் போதாதா?

பதில்: பாதி ஏறிய ஃபைலையும் அது அழித்துவிடும், பிடித்திருக்கும் ஹேண்டிலையோ மூடாது. பதிவுக்காகப் பெற்றோர் அனுப்பிய மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) நகல்கள் அந்த ஃபோல்டரில் இரவுவரை கிடக்கலாமா? வேலை முடிந்த நிமிடமே அவை போயாக வேண்டும். க்ரோன் இருக்கட்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதை மட்டும் அது தொடட்டும். முதலில் ஹேண்டிலைச் சரிசெய்யுங்கள்.