எழுத்தைப் பாடுகிறாள், காட்டினால் தெரியவில்லை: பதில்

சகோதரிக்கு வணக்கம். களுவாஞ்சிகுடியில் முன்பள்ளிக்குப் போகும் உங்கள் நான்கரை வயது மகள் அகர வரிசையைப் பாட்டாகச் சொன்னாலும், இடையில் ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினால் விழிக்கிறாள் என்றும், கொப்பியை விரித்தாலே அழுகிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். அவளுக்குப் பாட்டு மனப்பாடமாகியிருக்கிறதே தவிர, எழுத்தின் உருவம் இன்னும் கண்ணில் பதியவில்லை. தரம் ஒன்றில் சேரவே ஐந்து வயது பூர்த்தியாக வேண்டும் என்பதால் பதற வேண்டியதில்லை.

கொப்பியைச் சில வாரங்களுக்கு மூடி வையுங்கள். வரிசையையும் விட்டுவிட்டு, கோடுகள் எளிதான ப, ட, ம ஆகிய மூன்றை மட்டும் எடுத்து, சுளகில் கடற்கரை மணலைப் பரப்பி, நீங்கள் ஒலியைச் சொல்லச் சொல்ல அவள் விரலால் எழுதட்டும். பிறகு புள்ளியைக் காட்டிக்கொடுத்தால், அந்த மூன்றைக் கொண்டே படம், மடம், பட்டம் என்று அவளால் வாசிக்க முடியும். தானே ஒரு சொல்லை வாசித்துவிட்ட பிள்ளை அடுத்த எழுத்தைத் தானாகவே கேட்கும். அடுத்து கால் சேர்த்துப் பாட்டம், மாடம் என்று போகலாம். கெ, கே, கொ போன்றவற்றில் முன்னால் எழுதும் கொம்பின் ஒலி பின்னால் வருவதால், அவற்றைக் கடைசிக்கு வையுங்கள்.

மாமியார் அவளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள்; அதைப் பிள்ளையின் காதுபடச் செய்ய வேண்டாம் என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். படங்களையும் மிக அருகில் வைத்தே பார்க்கிறாள் என்றால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கண்ணை ஒருமுறை காட்டுங்கள்.