குழந்தைக்குத் தலையில் அடிபட்டால்: அவசர சிகிச்சைக் கேள்வி பதில்

கேள்வி (ஒன்பது மாதக் குழந்தையின் தாய்): இரண்டடி உயரக் கட்டிலிலிருந்து என் மகன் உருண்டு விழுந்தான். உடனே அழுதான், சற்று நேரத்தில் பால் குடித்தான். நெற்றியில் மட்டும் வீக்கம் இருந்தது. ஸ்கேன் தேவையில்லை என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். நிம்மதியாக இருக்கலாமா, டாக்டர்?

பதில்: இருக்கலாம். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான பெக்கார்ன் (அமெரிக்காவின் குழந்தைகள் அவசர சிகிச்சை ஆய்வுக் கூட்டமைப்பு) விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் ஆறு அறிகுறிகளைத் தேடுகிறோம்: மந்தம் அல்லது குழப்பம், தொட்டால் தெரியும் மண்டையோட்டு முறிவு, நெற்றி தவிர்த்த பிற இடங்களில் வீக்கம், ஐந்து விநாடி அல்லது அதற்கு மேல் சுயநினைவிழப்பு, மூன்றடிக்கு மேலிருந்து விழுதல் போன்ற கடுமையான விபத்து, குழந்தை வழக்கம்போல இல்லை என்ற பெற்றோரின் கணிப்பு. இவற்றில் ஒன்றும் இல்லாத குழந்தைக்கு ஆபத்தான மூளைக்காயம் இருக்கும் வாய்ப்பு ஐயாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சோ வளரும் உடலில் பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பைச் சிறிதளவேனும் கூட்டுகிறது. அந்தப் பட்டியலில் தாயின் கணிப்பும் இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். "இவன் எப்போதும்போல இல்லை" என்று ஒரு தாய் சொன்னால், அதை வெறும் பதற்றமென்று ஒதுக்குவது மருத்துவப் பிழை என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி (பணி மருத்துவர்): ஐந்து வயதுச் சிறுமி, இருமுறை வாந்தி, வேறு குறை எதுவும் இல்லை. ஸ்கேன் எடுக்கவா?

பதில்: வாந்தி மட்டுமே இருந்தால், அடிபட்ட நேரத்திலிருந்து நான்கு முதல் ஆறு மணிநேரம் வரை கண்காணிப்பதே என் முதல் தேர்வு. தலைவலி கடுமையானாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, சுயநினைவு மங்கினாலோ உடனே ஸ்கேன் எடுங்கள். கண்காணிப்பு என்பது படுக்கையில் விட்டுவைப்பது அன்று. விழிப்புநிலை, கண்பாவை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து, நேரத்துடன் எழுதிவைக்க வேண்டும்.

கேள்வி (அவசரப் பிரிவுச் செவிலியர்): கிளாஸ்கோ அளவு (விழிப்புநிலைக்கு 3 முதல் 15 வரை தரும் மதிப்பெண்) 7 உள்ள எட்டு வயதுச் சிறுவன் வருகிறான், நரம்பியல் அறுவை மருத்துவர் இங்கே இல்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அடிபட்ட கணத்தில் மூளைக்கு நேர்ந்த சேதத்தை நம்மால் மாற்ற இயலாது, ஆக்சிஜன் குறைவும் இரத்த அழுத்தக் குறைவும் அதன் மேல் சேர்க்கும் இரண்டாம் சேதத்தைத் தடுக்க இயலும், நம் பணியின் சாரம் அதுவே. கழுத்தை அசையாமல் நிறுத்தி, ஆக்சிஜன் கொடுங்கள். அளவு 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் மூச்சுக்குழாயில் குழல் பொருத்த மருத்துவரை ஆயத்தப்படுத்துங்கள். ஒன்று முதல் பத்து வயது வரை மேல்நிலை (சிஸ்டாலிக்) இரத்த அழுத்தத்தின், அதாவது அளவீட்டின் இரண்டு எண்களில் மேல் எண்ணின், கீழ்வரம்பு, வயதை இரண்டால் பெருக்கி எழுபதைக் கூட்டினால் கிடைக்கும். இச்சிறுவனுக்கு அது 86. அதற்குக் கீழே ஒரு நிமிடமும் விடாதீர்கள். அழுத்தம் குறைந்தால் மார்பிலும் வயிற்றிலும் இடுப்பெலும்பிலும் இரத்தக்கசிவைத் தேடுங்கள். அழுத்தம் சீரானபின், தலைப்பக்கத்தை முப்பது பாகை உயர்த்தி, கழுத்தை நேராக வையுங்கள். இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். ஒரு கண்பாவை விரிந்தாலோ, நாடி மெதுவாகி அழுத்தம் ஏறினாலோ, மூளை அழுந்துகிறது என்று பொருள். 3 சதவீத உப்புக்கரைசலை உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 5 மில்லி வரை, 10 முதல் 20 நிமிடங்களில் மருத்துவர் செலுத்துவார். ஸ்டீராய்டு வேண்டாம். அறுவை மருத்துவர் உள்ள மையத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை முதல் நிமிடங்களிலேயே தொடங்குங்கள். ஸ்கேனுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (பாட்டி): அடிபட்ட பேத்தியைத் தூங்க விடலாமா?

பதில்: மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் தாராளமாகத் தூங்கலாம், அம்மா. எழுப்பியும் விழிக்காமை, வலிப்பு, ஓயாத வாந்தி, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே கொண்டுவாருங்கள்.

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர்): மாணவன் எப்போது விளையாடலாம்?

பதில்: அடிபட்ட அன்று கண்டிப்பாகக் கூடாது. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் நடை, பாடம், மெதுவான ஓட்டம் என்று படிப்படியாகக் கூட்டலாம். மோதல் உள்ள ஆட்டத்துக்கு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும்.

கேள்வி (பயிற்சி மருத்துவர்): மூன்று மாதக் குழந்தை தானே உருண்டு விழுந்ததாகச் சொல்கிறார்கள், காது மடலில் கன்றிய தடம் இருக்கிறது.

பதில்: அந்த வயதுக் குழந்தை தானாக உருள்வது அரிது, நான்கு மாதம் நிரம்பாத குழந்தைக்கு எந்த இடத்தில் கன்றல் இருந்தாலும் அதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. யாரையும் குற்றஞ்சாட்டாமல், சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்; உடல் முழுவதையும் பரிசோதித்து, குழந்தையை அனுமதித்து, மூத்த மருத்துவருக்கும் குழந்தைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அன்றே தெரிவியுங்கள். ஐயம் தீரும்வரை அக்குழந்தையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.