ஹேமக்கில் முதுகு குளிர்கிறதா? கேள்வி பதில்

டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானல் பக்கத் தோட்டங்களில் ஹேமக் (இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கும் துணிப் படுக்கை) கட்டித் தூங்கப் போகிறவர்கள் கேட்டவை இவை.

கேள்வி: நல்ல ஸ்லீப்பிங் பேக் இருந்தும் முதுகு மட்டும் விறைத்துப்போனது. ஏன்?

பதில்: குளிரைத் தடுப்பது பஞ்சு அல்ல, பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்று. நீங்கள் படுத்ததும் முதுகுக்கடியில் பஞ்சு நசுங்கி அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. கீழே காற்றும் வீசுகிறது. அதனால் பஞ்சு ஹேமக்குக்கு வெளியே, அடியில், நசுங்காமல் தொங்க வேண்டும். அதைத்தான் அண்டர்குயில்ட் என்கிறார்கள். நான் அடிப்போர்வை என்பேன்.

கேள்வி: வீட்டிலேயே தைக்க முடியுமா?

பதில்: தாராளமாக. 200 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலத்தில் மெல்லிய நைலான் துணி இரண்டு. ரப்பர் பூச்சு இருக்கக் கூடாது. துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், கொஞ்சமாவது காற்று போக வேண்டும். இல்லையென்றால் உடம்பின் ஈரம் உள்ளேயே தங்கிப் பஞ்சு நனையும்.

நடுவில் பாலியஸ்டர் வாடிங், அதாவது விரிப்பாகக் கிடைக்கும் செயற்கைப் பஞ்சு. என்னுடையது 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்), இரண்டு அடுக்கு. 8 டிகிரி இரவில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். ஓரங்களை மட்டும் தையுங்கள். நடுவில் கட்டம் கட்டமாகத் தைத்தால் தையல் ஓடும் இடமெல்லாம் பஞ்சு நசுங்கி, அங்கே குளிர் ஏறும்.

நீளவாட்டு ஓரங்களை மடித்துத் தைத்துக் கயிறு கோத்து, நான்கு முனையையும் எலாஸ்டிக் கயிற்றால் ஹேமக்கின் இரு தலைப்பிலும் மாட்டுங்கள். குறுக்கு ஓரங்களுக்குப் பாவாடை நாடா மாதிரி ஒரு சுருக்கு. அப்புறம் ஏறிப் படுத்து, வேறொருவரை அடியில் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போர்வை முதுகைத் தொட வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது. இடைவெளி விட்டால் குளிர்காற்று அங்கே புகுந்துவிடும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: யோகா மேட் போதாதா?

பதில்: மிதமான குளிருக்குப் போதும். ஆனால் ராத்திரி நழுவும், தோள்பட்டை வெளியே நிற்கும், அடியில் வேர்க்கும்.

கேள்வி: கார் கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளி ஷீட்?

பதில்: யோகா மேட்டுக்குச் சொன்னதுதான். வேர்வை இன்னும் அதிகம்.

கேள்வி: ஹேமக்குக்குக் கீழே கங்குச் சட்டி வைத்தால்?

பதில்: வைக்கவே வைக்காதீர்கள். நைலான் உருகித் தோலில் ஒட்டும். தார்ப்பாய் மூடியிருந்தால் கரிப்புகையின் நச்சு வாயு ஆளையே கொல்லும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாலியஸ்டர் எதற்கு? போடியில் விளையும் இலவம் பஞ்சு இருக்கிறதே. எங்கள் ஆச்சி மெத்தையில் குளிரே தெரியாது.

பதில்: இலவம் பஞ்சை நான் குறை சொல்லவில்லை. உள்ளே குழலாக இருக்கும் இழை, மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரில் மிதப்பதால் ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளில் அடைத்தார்கள். ஆனால் வழுக்கும் பஞ்சு. தொங்கும் போர்வையில் எல்லாம் நடுவுக்குச் சரிந்து, ஓரம் வெறுந்துணியாகிவிடும். ஆச்சியின் மெத்தை தரையில் கிடந்தது. இலவம் பஞ்சில் தீயும் குப்பென்று பிடிக்கும்.

கேள்வி: மறுபடியும் நான்தான். தடுப்புத் தைத்தால் சரியாது அல்லவா? கட்டம் போடக் கூடாது என்று நீங்களே சொன்னீர்கள்.

பதில்: நியாயமான கேள்வி. வாடிங் பாய் மாதிரி ஒரே விரிப்பாக நிற்கும், அதற்குத் தடுப்பு தேவையில்லை. உதிரிப் பஞ்சுக்குத் தடுப்பு கட்டாயம். ஆனால் இரண்டு துணியையும் ஒட்டித் தைக்காமல், நடுவில் 4 செ.மீ. உயரத்துக்கு வலைத்துணிச் சுவர் வைத்துத் தையுங்கள்.

கேள்வி: யோகா மேட் இரண்டு போட்டால்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: காட்டுக்குள் எங்கே கட்டலாம்?

பதில்: அதை வனத்துறையிடம்தான் கேட்க வேண்டும். அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். எங்கே கட்டினாலும் தீ மூட்டாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை மறக்க முடியவில்லை.

கேள்வி: இலவம் பஞ்சுக்காரன்தான். சுவர்களுக்கு இடையே எவ்வளவு அகலம் விடலாம்?

பதில்: 15 செ.மீ. விடுங்கள், குறுக்குவாட்டில். கொட்டையைப் பொறுக்கி எடுத்துவிட்டு அடையுங்கள். முதலில் மொட்டை மாடியில் ஒரு ராத்திரி தொங்கவிட்டு, காலையில் பஞ்சு எங்கே சேர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.