மகளிர் உரிமைத் தொகையைப் பெண்ணியம் வரவேற்க வேண்டுமா, சந்தேகிக்க வேண்டுமா?

தலைப்பில் உள்ளதுதான் கேட்கப்பட்ட கேள்வி. என் பதிலை எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் குடும்ப அட்டையில் அப்பா, அம்மா, அத்தை என மூன்று பெயர்கள் உள்ளன. அத்தை அப்பாவின் தங்கை, 47 வயதாகிறது, திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மா வாசல் தெளித்துவிட்டு உள்ளே வருவதற்குள் அத்தை உலை வைத்திருப்பார். பாட்டி படுக்கையில் கிடந்த நான்கு ஆண்டுகளும் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டதும் துணி அலசியதும் பெரும்பாலும் அத்தைதான். 2023இல் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கும் நேரம் வந்தபோது, ஓர் அட்டைக்கு ஒருவர்தான் என்பதும், அப்பா குடும்பத் தலைவராக இருப்பதால் அவருடைய மனைவியே குடும்பத் தலைவி என்பதும் தெரிந்தது. அத்தை முகாமுக்கு வரவே இல்லை.

இதைச் சொல்வதால் நான் திட்டத்தைக் குறை கூற வந்தவள் என்று எண்ண வேண்டாம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டபோது ஏறத்தாழ 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று அமைந்த இத்திட்டம், 'உதவி' என்ற சொல்லைத் தவிர்த்து 'உரிமை' என்று தன்னை அழைத்துக்கொண்டது. வீட்டில் பெண்கள் ஊதியமின்றிச் செய்யும் உழைப்புக்கான அங்கீகாரம் என்றும் அறிவித்தது. இதை வெறும் மேடைப் பேச்சென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடங்கள். அந்த 299 நிமிடங்களை ஒரு மாநில அரசு தன் ஆவணத்தில் 'உழைப்பு' என்று எழுதியதே பெரிய செய்தி. என் கேள்வி அதற்கு அடுத்தது: அந்த உழைப்புக்காகப் பணம் தரும்போது அரசு யாரைப் பார்க்கிறது, உழைக்கும் பெண்ணையா, குடும்பத்தின் மனைவியையா?

இந்தக் கேள்வியை வைத்து நீண்ட காலம் போராடிய இடம் பிரிட்டன். முதல் உலகப் போரின்போது படைக்குச் சென்றவர்களின் மனைவியருக்கு அரசு நேரடியாகப் படி வழங்கியது. லிவர்பூலில் அந்தப் பணியில் ஈடுபட்ட எலினார் ராத்போன், தாயின் கைக்கே பணம் போனால் வீட்டின் நிலை எப்படி மாறுகிறது என்பதைக் கண்ணால் கண்டார். குழந்தை வளர்ப்புக்கான படியைத் தாய்க்கு வழங்க வேண்டும் என்று அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாதாடினார். 1945இல் அந்தச் சட்ட முன்வரைவு ஒருவழியாக நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, பணம் தந்தைக்கே உரியது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. வாழ்நாள் முழுதும் கேட்ட சட்டத்தையே எதிர்த்து வாக்களிப்பேன் என்றார் அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராத்போன். பெண்கள் அமைப்புகளும் சேர்ந்து அழுத்தம் கொடுத்தன. தாய்க்கே உரியது என்று சட்டம் திருத்தப்பட்டது. முதல் குழந்தையை விடுத்து அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங் என்று 1946 ஆகஸ்டில் பணம் வரத் தொடங்கியபோது ராத்போன் உயிருடன் இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

ஆனால் அத்தோடு அது முடிந்துவிடவில்லை. 1972இல் அப்போதைய அரசு அந்தப் படியை வரிச் சலுகையோடு கலந்துவிடும் ஒரு திட்டத்தை முன்வைத்தது. அப்படிச் செய்தால் பணம் கணவனின் சம்பளத்தோடு போய்விடும் என்று பெண் விடுதலை இயக்கத்தினர் கிளர்ந்தனர். பின்னர் அதற்கு மாற்றாக வந்த குழந்தைப் படியையும் 1976இல் அமைச்சரவை தள்ளிப்போடப் பார்த்தது. காரணம் வேடிக்கையானது: தாய்க்குப் பணம் கொடுப்பதற்காகத் தந்தையின் வரிவிலக்கை நீக்கினால் ஆண்களின் கைக்கு வரும் சம்பளம் குறையும், தொழிற்சங்கங்கள் கோபப்படும். ஆணின் சட்டைப்பையிலிருந்து பெண்ணின் சுருக்குப்பைக்குப் பணம் நகர்வதை ஓர் அமைச்சரவையே அஞ்சியது என்றால், அது சில்லறை விவகாரம் அல்ல என்பதுதானே பொருள்?

எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுவது ஜாக்குலின் டிரேக்கின் வழக்கு. உடல்நலம் குன்றியவரைப் பராமரிப்பதற்காக வேலைக்குப் போக இயலாதவர்களுக்கு 1976 முதல் பிரிட்டன் ஒரு படி வழங்கி வந்தது. கணவனோடு வாழும் பெண்ணுக்கு மட்டும் அது கிடையாது. அவள் எப்படியும் வீட்டில்தானே இருக்கப்போகிறாள் என்பது அதன் அடியில் இருந்த எண்ணம். 1984இல் கடுமையாக உடல்நலம் குன்றிய தன் தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட டிரேக், திருமணமானவர் என்ற ஒரே காரணத்தால் மறுக்கப்பட்டார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது; இது பாலினப் பாகுபாடு என்று 1986 ஜூனில் தீர்ப்பு வந்தது. பெண்ணின் உழைப்பை அரசு அறியாமல் இல்லை, நன்றாகவே அறிந்திருந்தது. அது இலவசமாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் விதியை எழுதியிருந்தது.

டிரேக்குக்கு மனைவியாக இருந்தது தடை. என் அத்தைக்கு மனைவியாக இல்லாதது தடை. தமிழ்நாட்டில் பெண்களுக்கான ஓய்வூதியப் பிரிவுகளின் பெயர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள்: ஆதரவற்ற விதவை, கணவனால் கைவிடப்பட்ட பெண், 50 வயதைக் கடந்த திருமணமாகாத ஏழைப் பெண். கணவன் இறந்தான், கணவன் விட்டுப் போனான், கணவன் வரவே இல்லை. மூன்றிலும் எழுவாய் அந்த இல்லாத ஆண்தான். உண்மையிலேயே முன்னோடியான சட்டங்களிலும் இந்தப் பார்வை எட்டிப் பார்க்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை தந்த 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம், நாடு முழுமைக்குமான சட்டமாக 2005இல்தான் வந்த ஒன்றைப் பதினாறு ஆண்டுகள் முன்பே செய்தது. ஆனால் அது நடைமுறைக்கு வருவதற்கு முன் திருமணமாகிவிட்ட மகள்களை விலக்கிவிட்டது. மகனின் திருமணத் தேதியை யாரும் கேட்கவில்லை.

உரிமைத் தொகையின் விதிகளில் தனித்து வாழும் திருமணமாகாத பெண்களும் கைம்பெண்களும் திருநங்கையரும் குடும்பத் தலைவிகளாகக் கருதப்படுவார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அது நல்ல விதி. சிக்கல் அண்ணன் வீட்டில், மகன் வீட்டில், அக்காள் வீட்டில் சேர்ந்து வாழும் பெண்களுக்குத்தான். அம்மா மாதாமாதம் பணம் ஏறியதும் 500 ரூபாயை எடுத்து அத்தையிடம் நீட்டுவார். "உங்க பேருக்கு வந்த காசு, எனக்கு எதுக்கு அண்ணி?" என்று அத்தை இரண்டு முறையாவது மறுத்த பிறகுதான் வாங்குவார். அம்மாவின் நியாய உணர்வைப் பற்றி எனக்குப் பெருமைதான். ஆயினும், அரசின் கருவூலத்திலிருந்து உரிமை என்று புறப்பட்ட பணம் எங்கள் கூடத்தைக் கடந்து அத்தையிடம் சேர்வதற்குள் தயவாக மாறிவிடுகிறது.

இதனோடு பேருந்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். நடத்துநர் குடும்ப அட்டையைக் கேட்பதில்லை, கணவன் இருக்கிறானா என்று கேட்பதில்லை. கையைக் காட்டி ஏறினால் பெண், அவ்வளவுதான். அத்தை முன்பெல்லாம் எங்காவது போக வேண்டுமானால் அப்பாவிடம் காசு கேட்க வேண்டும், கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். இப்போது நினைத்த நாளில் பள்ளித் தோழியைப் பார்க்கப் போய்விட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுகிறார். ரூபாய்க் கணக்கில் உரிமைத் தொகை பெரியதாக இருக்கலாம். பெண்ணைத் தனி ஆளாகப் பார்த்த விதத்தில் பேருந்துத் திட்டமே மேலானது என்பேன்.

பெண்ணியவாதிகளுக்குள்ளும் இதில் ஒத்த கருத்து கிடையாது. 1972இல் வீட்டுவேலைக்கு ஊதியம் கோரி செல்மா ஜேம்ஸ், மரியாரோசா டல்லா கோஸ்டா போன்றோர் இயக்கம் தொடங்கியபோது, இது பெண்ணை அடுப்படியிலேயே கட்டிப்போடும், நமக்கு வேண்டியது குழந்தைகள் காப்பகமும் சம ஊதியமும்தான் என்று அதே இயக்கத்தின் வேறு சிலர் வாதிட்டனர். இரண்டும் வேண்டும் என்பது என் நிலை; மாதம் 1000 ரூபாய்க்காக வேலையை விட்டு வீட்டில் உட்காரும் பெண்ணை நான் இதுவரை சந்தித்ததில்லை.

ஆகவே வரவேற்கிறேன், ராத்போன் போல, விதியைத் திருத்தச் சொல்லிக்கொண்டே வரவேற்கிறேன். 'ஒவ்வொரு பெண்ணுக்கும் என்றால் செலவு தாங்குமா?' என்பார்கள். தொடக்க எண்ணிக்கைப்படியே ஆண்டுக்கு 12,700 கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது என்பதால் அது நேர்மையான கேள்விதான். வருமான வரம்பு இருக்கட்டும், நில வரம்பும் இருக்கட்டும். முதற்கட்டமாக, ஓர் அட்டையில் இருக்கும் சொந்த வருமானமில்லாத இரண்டாவது பெண்ணுக்கு அவர் பெயரிலேயே விண்ணப்பம் தர வழி செய்தால் போதும். அப்போது அத்தையை முகாமுக்கு நானே அழைத்துப் போவேன்.