ஆயுள் ஜீனை விடுங்கள், அம்மாவின் காதைப் பாருங்கள்

கேள்வி: வயது 44, ஆண். உமிழ்நீர் ஜீன் பரிசோதனையில், ஜப்பானியரின் நீண்ட ஆயுளுக்கான மைட்டோகாண்ட்ரியா மாற்றம் எனக்கு இல்லை என்று வந்திருக்கிறது. அடிக்கடி அசதி, முடி கொட்டுகிறது. இணையத்தில் விற்கும் மாட்ஸ்-சி ஊசி போட்டுக்கொள்ளலாமா? காசநோய்க்கு ஊசி போட்டதிலிருந்து அம்மாவுக்குக் காது கேட்பதில்லை. தங்கை ஏழு மாதக் கர்ப்பம்.

பதில்: ஊசி வேண்டாம். மாட்ஸ்-சி என்பது, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ.விலிருந்து உருவாகும் சிறு புரதம். ஆராய்ச்சிக்கு மட்டும் என்று அச்சிட்டு விற்கிற குப்பி அது. என்ன அளவு, எத்தனை நாள் என்று மனிதர்களுக்கு யாரும் வரையறுக்கவில்லை.

அந்த மாற்றம் உங்களிடம் இல்லாததுதான் இயல்பு. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் 16,569 எழுத்துகளில், மாட்ஸ்-சிக்கான பகுதியில் உள்ள 1382-ஆவது மாறியிருப்பது வடகிழக்கு ஆசியத் தாய்வழிகளில். ஆயுளோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று 2015-இல் சொன்னார்கள். அதே மாற்றம் உள்ள ஜப்பானிய ஆண்கள் உடலுழைப்பில்லாமல் இருந்தால் சர்க்கரை நோய் கூடுதலாக வருகிறது என்று 2021-இல் தெரிந்தது. ரிப்போர்ட்காரர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அசதிக்கும் முடிக்கும் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பார்த்தால் போதும்.

எனக்குக் கவலை தருவது அம்மாவின் காது. மாட்ஸ்-சிக்கான குறிப்பு இருப்பது மைட்டோகாண்ட்ரியாவின் 12எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. என்ற ஜீனுக்குள். அதே ஜீனின் 1555-ஆவது இடத்தில் 'ஏ' போய் 'ஜி' வந்திருந்தால், காசநோய்க்குப் போட்டுவந்த ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் வழக்கமான அளவிலேயே காதைக் கெடுக்கும். கிருமியின் ரைபோசோமை, அதாவது புரதம் தயாரிக்கும் இயந்திரத்தை, பிடித்துக் கொல்லும் மருந்துகள் இவை. இந்த ஓர் எழுத்து மாறினால் நம் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமும் கிருமியுடையதைப் போலாகிவிட, மருந்து அதையும் பிடித்துக்கொள்கிறது. உட்செவியின் மயிரிழைச் செல்கள் செத்துப்போனால் திரும்ப முளைக்காது.

அளவு மீறினாலோ சிறுநீரகம் பழுதாகியிருந்தாலோ இந்த ஊசிகள் யார் காதையும் கெடுக்கலாம். அதனால் முதலில் அம்மாவுக்கு மட்டும் ரத்தத்தில் 1555-ஐயும், மாறினால் இதே கேட்டைத் தரும் 1494-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றம் இல்லையென்றால் பிள்ளைகள் யாருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. இருந்தால், உங்களுக்கும் தங்கைக்கும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு இருவரும் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுங்கள். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்துதான் வரும் என்பதால் உங்கள் பிள்ளைகளுக்குப் போகாது, தங்கையின் குழந்தைக்குப் போகும்.

பிரசவத்துக்கு முன் முடிவு கையில் இருக்க வேண்டும். பிறந்த குழந்தைக்குக் கிருமித்தொற்று என்று சந்தேகம் வந்தாலே பல இடங்களில் ஆம்பிசிலினோடு ஜென்டாமைசின்தான் முதலில் ஏறும். முடிவு வராவிட்டாலும் அம்மாவின் கதையைத் தங்கையின் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். குழந்தை மருத்துவர் வேறு மருந்து தேர்ந்துகொள்வார். வேறு வழியே இல்லாத உயிராபத்தில் ஊசியைத் தடுக்காதீர்கள். காது வலிக்கிறதென்று கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்திலும் நியோமைசினோ ஜென்டாமைசினோ இருக்கலாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அதுவும் உள்ளே போய்விடும்.